பெட்டியில் 1,000 லூமன், ஆற்றில் எத்தனை மணி?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிரேலிங் என்றொரு சிற்றூர். ஜூலை மாதக் கடைசி முழு வாரயிறுதியில், சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அந்த ஊரில் ஒரு பந்தயம் தொடங்கும். இரண்டிரண்டு பேராகத் தங்கள் கனோ என்ற துடுப்புப் படகைத் தூக்கிக்கொண்டு தெரு வழியே ஓடி, ஆ சாபிள் ஆற்றில் இறக்கித் துடுப்பு வலிக்க ஆரம்பிப்பார்கள். 120 மைல், அதாவது 193 கிலோமீட்டர் தள்ளி, ஹியூரான் ஏரிக்கரையில் இருக்கிற ஆஸ்கோடாவில் முடிவுக்கோடு. வழியில் ஆறு அணைகள். ஒவ்வொன்றிலும் படகைக் கரையேற்றி, சுமந்து நடந்து, மறுபக்கம் இறக்க வேண்டும். 19 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஜெயிப்பவர்களுக்கே 14, 15 மணி நேரம் ஆகிவிடுகிறது. 1947-இல் ஆரம்பித்த பந்தயம் இது.

அவர்கள் கிளம்புகிற நேரம் சூரியன் மறைகிற நேரம். ஆகவே முதல் எட்டு, ஒன்பது மணி நேரம் இருட்டில்தான் கழியும். ஆற்றின் மேல்பகுதியோ குறுகல். வளைவுகள், ஆழமில்லாத இடங்கள், தண்ணீர்மேல் சாய்ந்து கிடக்கும் மரங்கள். இரவு முழுக்கத் துடுப்பு போடுகிறவருக்கு உடம்பில் வலு இருந்தால் மட்டும் போதாது. கனோவில் என்ன விளக்கு, அதை எங்கே பொருத்துவது, எத்தனை மணி நேரம் எரியும், தண்ணீருக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் பகலிலேயே முடிவுசெய்திருக்க வேண்டும்.

இப்படி இரவைத் தாண்டும் பந்தயங்கள் வேறு சிலவும் உண்டு. இங்கிலாந்தில் ஈஸ்டரை ஒட்டி டிவைசஸ் என்ற ஊரிலிருந்து லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் வரை 125 மைல். டெக்சாஸில் சான் மார்கஸ் ஆற்றில் தொடங்கிக் கடலோர ஊரான சீட்ரிஃப்டில் முடியும் 260 மைல், அதற்கு 100 மணி நேரக் கெடு. மிசௌரி ஆற்றில் கேன்சஸ் சிட்டியிலிருந்து செயின்ட் சார்ல்ஸ் வரை 340 மைல். 2006 முதல் நடக்கிறது. வேகக்காரர்கள் அதை ஒன்றரை நாளில் முடித்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு மூன்று இரவுகள்கூட ஆற்றிலேயே கழியும்.

இந்த விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் விளக்கு வாங்கப் போனால் முதலில் தேடுவது லூமன், அதாவது விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு. 500-ஐவிட 1,000 மேல், 1,000-ஐவிட 2,000 மேல் என்பது கணக்கு. ஆன்லைன் கடைகளும் அந்த எண்ணைத்தான் பெரிதாகப் போடுகின்றன. இரவில் ஆற்றுக்குப் போகிறவர் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் அது. மங்கலாக, மணிக்கணக்கில், ஈரத்தில் நின்று எரிகிற விளக்குதான் அவருக்குத் தேவை. அதிலும் முதல் தேவை, அவர் பார்ப்பதற்கான விளக்குகூட அல்ல. அவரைப் பிறர் பார்ப்பதற்கான விளக்கு.

மிசௌரியை எடுத்துக்கொள்வோம். அது சரக்குப் படகுகள் போகும் ஆறு. பல மிதவைகளை ஒன்றாகக் கட்டி முன்னால் தள்ளிக்கொண்டு வரும் இழுவைப் படகின் மாலுமிக்கு, தனக்கு நேர் முன்னால் நூற்றுக்கணக்கான அடி தூரத்துக்குத் தண்ணீரே தெரியாது. நினைத்த மாத்திரத்தில் நிறுத்தவும் முடியாது. முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கனோவை அவர் தூரத்திலேயே கண்டுகொண்டால்தான் உண்டு. அதனால்தான் அந்த ஆற்றுப் பந்தயத்தின் விதிகள், இருட்டியதும் படகின் முன்னால் சிவப்பு–பச்சை விளக்கும் பின்னால் வெள்ளை விளக்கும் எரிய வேண்டும் என்கின்றன. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. எதிரில் வருகிறவருக்குச் சிவப்பு மட்டும் தெரிந்தால் படகு அவருக்கு இடது கையைக் காட்டிப் போகிறது. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேராக அவரை நோக்கி வருகிறது.

கடல்வழி மோதல் தடுப்புக்கான 1972-ஆம் ஆண்டின் சர்வதேச விதிகள் துடுப்புப் படகுகளிடம் இவ்வளவு கேட்பதில்லை. 25-ஆம் விதிப்படி, பக்க விளக்குகள் இல்லாவிட்டால், வெள்ளை வெளிச்சம் தரும் டார்ச்சோ எரியும் லாந்தரோ கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும். மோதலைத் தவிர்க்கப் போதுமான நேரம் இருக்கும்போதே அதைக் காட்ட வேண்டும். சோழமண்டலக் கரையில் இரவு வலை போட்டுக் காத்திருக்கும் சிறுபடகுக்காரர்கள் நெருங்கி வரும் விசைப்படகை நோக்கி டார்ச் அடித்துக் காட்டுவது கிட்டத்தட்ட இதுதான். காகிதத்தில் நியாயமான விதி. ஆனால் கனோக்காரருக்கு இரண்டு கையும் துடுப்பில் இருக்கும். விடிகாலை மூன்று மணிக்குக் கண் சொக்கும். அந்த நேரத்தில் டார்ச்சைத் தேடி எடுத்து, சுவிட்சைத் தடவிக் கண்டுபிடித்து, சரியான பக்கம் திருப்பிக் காட்டுவார் என்று நம்புவது அசட்டுத்தனம். படகோடு பொருத்திய, இரவு முழுக்கத் தானாக எரிகிற விளக்கைக் கட்டாயமாக்கிய பந்தய அமைப்பாளர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் ஆழ்கடலில் ‘ரபா’ என்ற மீன்பிடிப் படகும் ஒரு சரக்குக் கப்பலும் இரவில் மோதின. படகில் இருந்த 14 பேரில் தமிழகத்தவர் பாதி. உயிரோடு மீட்கப்பட்டவர்கள் இரண்டே பேர். அந்த விபத்துக்கு விளக்குதான் காரணம் என்று இங்கே சொல்ல வரவில்லை. இருட்டில் பெரியதும் சிறியதும் ஒரே நீரில் போகும்போது யார் பாடு ஆபத்து என்பதில் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லை.

பிறருக்குத் தெரிவதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்ற கேள்விக்கு அதே சர்வதேச விதிகளின் பின்னிணைப்பில் பதில் இருக்கிறது. படித்தால் பலர் நம்ப மாட்டார்கள். தெளிவான வானிலையில் இரண்டு கடல் மைல், அதாவது 3.7 கிலோமீட்டர் தூரத்தில் தெரிய 4.3 கேண்டெலா போதும். ஒரு கடல் மைலுக்கு 0.9 கேண்டெலா. ஒரு கேண்டெலா என்பது ஏறத்தாழ ஒரு மெழுகுவர்த்தியின் ஒளிச்செறிவு. நாலைந்து மெழுகுவர்த்தி அளவு வெளிச்சம் எல்லாப் பக்கமும் மறைவில்லாமல் போனால், நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் இருப்பவருக்குத் தெரியும். இதற்கு ஒரு வாட்டுக்கும் குறைவான மின்சாரம் செலவழிக்கும் எல்இடி போதும்; மூன்று சாதாரண பென்டார்ச் பேட்டரியில் ஓர் இரவு ஓடிவிடும்.

கஷ்டம் ‘மறைவில்லாமல்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முதுகே அந்த விளக்கை மறைக்கும். உயரம் கூட்டினால் அவர் தலையைத் தாண்டி முன்னால் வந்து இருவர் கண்ணையும் கெடுக்கும். பின்முனையில் சின்னக் கம்பம் நட்டு, விளக்கின் முன்பக்கத்தைக் கறுப்பு டேப்பால் மறைத்துவிடுகிறவர்கள் உண்டு. பின்விளக்கின் வெளிச்சம் பின்பக்கமாக 135 பாகைக்குள் பரவினால் போதும் என்பதே விதி. ஆகவே இதில் தப்பில்லை. மற்றொன்று, கண்ணில் படட்டும் என்று பளிச் பளிச்சென்று மின்னும் நிலையில் விளக்கைப் போட்டு வைப்பது. இதைச் செய்யவே கூடாது. அமெரிக்க உள்நாட்டு நீர்வழி விதிகளில், நிமிடத்துக்கு 50 முதல் 70 தடவை மின்னும் வலுவான வெள்ளை விளக்குக்கு ‘ஆபத்தில் இருக்கிறோம், உதவுங்கள்’ என்று அர்த்தம்.

இனித் துடுப்புக்காரர் தான் பார்ப்பதற்கான விளக்கு. புதியவர்கள் எல்லோரும் நெற்றியில் கட்டும் டார்ச்சோடு வருவார்கள். கரையில் அதைவிட வசதியானது கிடையாது. கூடாரம் அடிக்க, முடிச்சுப் போட, அணைக்கட்டில் படகைச் சுமந்து நடக்க அதுதான் வேண்டும். தண்ணீரில் அது வேறு குணம் காட்டும். கோடை இரவில் ஆற்றுப் பூச்சிகள் எல்லாம் வெளிச்சத்தைத் தேடி முகத்துக்கு வரும். விடியற்காலையில் ஆற்றின்மேல் பனி மூட்டம் எழும்பினால் இன்னும் மோசம். ஊட்டி மலைப்பாதையில் மூடுபனிக்குள் ஹைபீம் போட்டு ஓட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கே வருகிறது, எதிரில் வெள்ளைச் சுவர் நிற்கிறது. கண்ணுக்குப் பக்கத்தில் விளக்கு இருந்தால் இந்தத் தொல்லை கூடும். கண்ணைவிட்டுத் தள்ளி, தாழ்வாக, படகின் மூக்கில் இருந்தால் குறையும். பந்தயக் கனோக்களில் விளக்கை முன்முனையில் பொருத்தும் வழக்கத்துக்கு இது முக்கியக் காரணம்.

அகலமான ஆற்றில் அந்த முன்விளக்கைக்கூட எந்நேரமும் எரியவிடாதது நல்லது. இருட்டுக்கு மனிதக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். பழகிய கண், நட்சத்திர வெளிச்சத்திலேயே கரையின் மர வரிசையையும் அதற்கு நடுவே வெளிறித் தெரியும் நீர்ப்பாதையையும் பிரித்துக் காணும். பளீரென்று ஒருமுறை வெள்ளை டார்ச் அடித்தால் அவ்வளவும் போய், மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். மிசௌரியில் நீரோட்டத்தை நடுவாற்றில் நிறுத்துவதற்காகக் கரையிலிருந்து உள்ளே நீட்டிக் கட்டிய கல்லணைகள் வரிசை வரிசையாக உண்டு. அவற்றின்மேல் தண்ணீர் புரளும் சத்தம், எந்த விளக்கு காட்டுவதற்கும் முன்னால் காதில் விழும். குறுகலான ஆ சாபிளின் மேல்பகுதி வேறு. அங்கே மரக்கிளை முகத்தில் அடிப்பதற்கு முன் தெரிய வேண்டும், அதற்கு விளக்கு வேண்டும். ஒரே விளக்கு எல்லா ஆற்றுக்கும் பொருந்தும் என்று சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம்.

சிவப்பு வெளிச்சம் கண்ணைக் கெடுக்காது என்பதில் உண்மை உண்டு. இருட்டில் வேலை செய்யும் விழித்திரைச் செல்களுக்கு அடர்சிவப்பு பெரும்பாலும் உறைப்பதில்லை. வரைபடம் பார்க்க, பிஸ்கட் பொட்டலம் தேட நல்லது. ஆனால் வரைபடத்தில் சிவப்பில் போட்ட கோடு அந்த வெளிச்சத்தில் காணாமல் போய்விடும். நெற்றியில் சிவப்பு எரிந்தபடி தலையைத் திருப்பினால், தூரத்தில் இருப்பவர் அதைப் படகின் இடப்பக்க விளக்கு என்று எண்ணி ஏமாறவும் கூடும். மிகமிக மங்கலான வெள்ளை வெளிச்சமும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்துவிடும். ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டியது ‘அதிகபட்சம் எவ்வளவு’ என்பதல்ல, ‘குறைந்தபட்சம் எவ்வளவு’ என்பது. ஐந்து லூமனுக்குக் கீழே இறங்க முடியாத விளக்கு இந்தக் காரியத்துக்கு ஆகாது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் மணிக்கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. டார்ச்சுகளுக்கென்று எஃப்எல்1 என்றொரு அமெரிக்கத் தர அளவுகோல் 2009-இல் வந்தது. நல்ல நிறுவனங்கள் பலவும் அதைப் பின்பற்றுகின்றன. அதன்படி, விளக்கைப் போட்ட 30 விநாடிக்குப் பிறகு அளந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஆகும் நேரம்தான் ‘எரியும் நேரம்’. அதாவது ‘500 லூமன், 8 மணி நேரம்’ என்று போட்டிருந்தால், எட்டாவது மணியில் மிஞ்சியிருப்பது 50 லூமனாக இருக்கலாம். நடுவில் என்ன நடந்தது என்பதைப் பெட்டி சொல்லாது. சில விளக்குகள் சூடு தாங்காமல் சில நிமிடத்திலேயே பாதிக்கும் கீழே இறங்கி, மீதி நேரத்தை மங்கலாகவே ஓட்டும். இந்த அளவுகோலில் மோசடி எதுவுமில்லை. எல்லோருக்கும் ஒரே விதி. வாங்குகிறவருக்கு விதி தெரியாது என்பதில்தான் வியாபாரம் நடக்கிறது. ஒளி எட்டும் தூரமும் அப்படியே: 0.25 லக்ஸ், அதாவது முழுநிலவின் வெளிச்சம் அளவுக்குக் குறையும் தூரம் அது. ‘200 மீட்டர்’ என்றால் அங்கே நிலவொளி அளவே விழும்.

பேட்டரிக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். டார்ச்சுகளில் பரவலாக இருக்கும் 18650 வகை லித்தியம் செல் 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. தரமான ஒன்றின் கொள்ளளவு 3,500 மில்லி ஆம்பியர்-மணி; 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட்-மணி. எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தச் செல்லுக்குள் இருப்பது 1,260 லூமன்-மணி. 1,000 லூமனில் எரித்தால் ஒன்றேகால் மணி நேரம். 100 லூமனில் எரித்தால் பன்னிரண்டரை மணி நேரம். எந்த விளம்பரமும் இந்தப் பெருக்கல் கணக்கைத் தாண்டிப் போக முடியாது. ‘9,900’ என்று அச்சிட்ட 18650 செல்கள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. அந்த அளவுள்ள கூட்டுக்குள் அவ்வளவு கொள்ளளவு அடங்காது. அப்படி அச்சிடுகிறவர் செல்லைப் பற்றிச் சொல்லும் வேறெதையும் நம்புவதற்கில்லை.

ஓர் இரவுப் பந்தயத்துக்கு, பேட்டரி உள்ளேயே மூடப்பட்ட யுஎஸ்பி சார்ஜ் விளக்கு போதும். மூன்று இரவு என்றால், கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி உள்ளதே மேல். ஈரக் கையோடு, ஆடுகிற படகில், சார்ஜ் துளையின் ரப்பர் மூடியைத் திறந்து பவர் பேங்க்கைச் செருகுவது வம்பு. முன்விளக்கு, பின்விளக்கு, நெற்றி விளக்கு மூன்றும் ஒரே வகை பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்கினால் உபரிகளைச் சுமப்பதும் எளிது. இங்கிலாந்துப் பந்தயம் போலக் குளிரில் நடந்தால் சாதாரண ஆல்கலைன் பேட்டரி சுணங்கிப்போகும். ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் ஏஏ பேட்டரி உறைகுளிரிலும் வேலை செய்யும், எடையும் ஆல்கலைனில் மூன்றில் இரண்டு பங்குதான். விலை அதிகம்; கொடுக்கலாம். முறித்தால் ஒளிரும் ரசாயனக் குச்சிகளுக்கு பேட்டரி வேண்டாம், தண்ணீர் பயமும் கிடையாது. ஆனால் முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு மங்கும், குளிரில் இன்னும் மங்கும். உயிர்காப்புச் சட்டையில் அடையாளத்துக்குத் தொங்கவிடலாம்; படகு விளக்குக்கு மாற்றாகாது.

‘வாட்டர்புரூஃப்’ என்ற சொல்லுக்கும் அளவு உண்டு; அது ஐபி எக்ஸ் என்ற குறியீட்டில் வரும். ஐபி எக்ஸ் 4 என்றால் நாலா பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவே. மழைக்கு அது போதும். கவிழும் படகுக்குப் போதாது. எக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். எக்ஸ் 8 அதற்கும் மேல், எவ்வளவு ஆழம் என்பதைத் தயாரிப்பாளர் சொல்ல வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: எக்ஸ் 7 வாங்கிய விளக்கு, பீய்ச்சியடிக்கும் நீருக்கான எக்ஸ் 5, எக்ஸ் 6 சோதனையில் தேற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அவை தனித்தனிச் சோதனைகள். இரண்டாவது விஷயம் இன்னும் சுவாரசியமானது. எக்ஸ் 7 சோதனையில் நீரின் வெப்பமும் விளக்கின் வெப்பமும் ஐந்து பாகைக்கு மேல் வேறுபடக் கூடாது. ஆற்றிலோ மணிக்கணக்கில் எரிந்து சூடான விளக்கு திடீரெனக் குளிர்ந்த நீருக்குள் போகிறது. உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்க, அழுத்தம் குறைந்து, ரப்பர் வளையத்தில் இருக்கும் சின்ன இடைவெளி வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. சோதனைக்கூடத்தில் தேறிய விளக்கு ஆற்றில் ஏன் கண்ணாடிக்குள் வேர்க்கிறது என்பதற்கு இது ஒரு விளக்கம்.

கவிழ்வதற்குப் பாறையோ அலையோதான் வேண்டும் என்பதில்லை. மிசௌரியில் வெள்ளிக்கெண்டைகள் பெருகிக் கிடக்கின்றன. நம்மூர்ப் பண்ணைக் குளங்களில் கூட்டுமீன் வளர்ப்பில் விடுகிற அதே ஆசியக் கெண்டை. அமெரிக்காவில் குளத்தைச் சுத்தம் செய்ய 1970-களில் கொண்டுவந்தார்கள். தப்பி ஆறுகளில் சேர்ந்து இப்போது பெரும் தலைவலி. சத்தத்துக்கு மிரண்டு தண்ணீரைவிட்டு ஆளுயரம் எகிறும், படகுக்குள்ளேயே விழும். இருட்டில் பல கிலோ எடையுள்ள மீன் மடியில் விழுந்தால் சமநிலை என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கயிறு. உறிஞ்சுக் கிண்ணத்தில் மட்டும் ஒட்டி நிற்கும் மலிவு விளக்குகள் முதல் அடியிலேயே ஆற்றோடு போகும். நெற்றி விளக்கின் பட்டையையும் சட்டையோடு ஒரு நூலால் பிணைப்பது நல்லது.

வாங்கியவுடன் எந்த விளக்கையும் ஆற்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. வீட்டில் ஒரு சாயங்காலம், பயன்படுத்தப்போகும் அதே நிலையில் போட்டுவிட்டு, எத்தனை மணிக்கு மங்குகிறது என்று குறித்துவைக்க வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் எரிந்த சூட்டோடு ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, அரை மணி கழித்துத் திறந்து, உள்ளே ஒரு டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பார்க்க வேண்டும். ரப்பர் வளையத்தில் மணல் இல்லாமல் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் தொட்டுத் தடவ வேண்டும். வாசலினும் எண்ணெயும் சிலவகை ரப்பரை உப்பவைத்துவிடும். உப்புத் தண்ணீரில் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, பேட்டரியைக் கழற்றிக் காயவைத்துவிட்டுத்தான் பைக்குள் போட வேண்டும். கடையில் விளக்கோடு உபரி வளையம் ஒன்று தருகிறார்களா என்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அந்த மாடல் சந்தையைவிட்டுப் போன பிறகு அதே அளவு வளையத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.